புது டயர் போட்டதும் ஸ்போர்ட்ஸ் கார் வேற கார் மாதிரி ஓடுதா? அறிகுறியை வச்சே கண்டுபிடிக்கலாம்

புது டயர் போட்டு வீட்டுக்கு வர்ற வழியிலயே "என்னடா இது, நம்ம வண்டிதானா"ன்னு தோணுச்சுன்னா உடனே டயரை திட்டாதீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கம்ப்ளைன்ட்ல டயரே கெட்டதா இருந்தது ரொம்ப கம்மி, டயர் நல்ல டயர்தான், மத்த மூணோட ஒத்துப்போகல, அவ்ளோதான். சாதா கார்ல இது பெருசா தெரியாது, மெத்துமெத்துன்னு இருக்கற சஸ்பென்ஷனே பாதியை முழுங்கிடும். ஸ்போர்ட்ஸ் கார்ல புஷ்ஷெல்லாம் (சஸ்பென்ஷன் இணைப்புல இருக்கற ரப்பர்) கெட்டி, சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) ஒல்லி, ஸ்டீயரிங் கூர்மை, அதனால முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலே கையிலயும் இடுப்புலயும் வந்து சொல்லிடும்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு நாலு டயரையும் படிங்க

பத்து நிமிஷ வேலை, ஆனா இதை யாரும் பண்றதில்ல. பேப்பர்ல நாலு கட்டம் போட்டு ஒவ்வொரு டயருக்கும் கம்பெனி, மாடல் பேரு, சைஸ், அதுக்கு பக்கத்துல இருக்கற லோடு எண்ணும் ஸ்பீடு எழுத்தும், தயாரிச்ச தேதி, பட்டன் ஆழம் (டயர் மேல இருக்கற பள்ளத்தோட ஆழம்) எல்லாத்தையும் எழுதுங்க. ஆழத்தை உள்ளோரம், நடு, வெளியோரம்னு மூணு இடத்துல அளக்கணும், உள்ளோரம் தெரியலன்னா முன் சக்கரத்தை ஸ்டீயரிங் முழுசா திருப்பி வச்சு பாருங்க, பின்னாடிக்கு குனிஞ்சுதான் ஆகணும்.

உதாரணத்துக்கு 245/40 ஆர்18 97ஒய் எக்ஸ்எல்னு இருக்குன்னு வைங்க. அகலம் 245 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதுல 40 சதவீதம், அதாவது 98 மில்லிமீட்டர், ரிம் 18 இன்ச். மொத்த உயரம் வேணும்னா 18ஐ 25.4ஆல பெருக்கி 457.2, அதோட ரெண்டு சைடுவாலும் சேர்த்தா 653.2 மில்லிமீட்டர். இந்த கணக்கு கைவசம் இருக்கட்டும், கீழ நாலஞ்சு இடத்துல வேணும். 97ன்னா ஒரு டயர் 730 கிலோ தாங்கும், எக்ஸ்எல்னா அதே சைஸ்ல அதிக எடை தாங்கற ரகம். எழுத்துல எச் 210, வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர் வேகம், ஒய்யையும் லோடு எண்ணையும் சேர்த்து பிராக்கெட்டுக்குள்ள போட்டிருந்தா 300க்கும் மேல.

தேதி டிஓடின்னு ஆரம்பிக்கற வரிசையோட கடைசி நாலு எண். 2322ன்னா 2022ல 23வது வாரம். வெளிப்பக்கம் இந்த நாலு எண் இல்லன்னா பயப்படாதீங்க, பல டயர்ல முழு வரிசை ஒரு பக்கம்தான் இருக்கும், மாட்டும்போது அது உள்பக்கம் போயிருக்கும்.

கடைசியா டிரைவர் கதவை திறந்து அங்க ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்குங்க, கம்பெனி சொன்ன சைஸும் காத்து அளவும் அதுலதான் இருக்கு. முன்னுக்கு ஒரு சைஸ் பின்னுக்கு ஒரு சைஸ்னு இருந்தா அது ஸ்டேகர்ட் செட்டப். போர்ஷே 911ல 992 தலைமுறை கரேரா எஸ் முன்னாடி 245/35 ஆர்20, பின்னாடி 305/30 ஆர்21, ரிம்மே வேற வேற சைஸ். மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி நாலும் ஒண்ணா இருக்கற வண்டியும் உண்டு. உங்களோடது எதுன்னு தெரியாம கீழ படிச்சு பிரயோஜனம் இல்ல.

மழை ரோட்ல வளைவுல பின்பக்கம் வால் வீசுது

இதுதான் இருக்கறதுலயே ஆபத்தானது, அதனால முதல்ல சொல்றேன். காஞ்ச ரோட்ல ஒண்ணுமே தெரியாது, மழை பெஞ்சு ரோட்ல தண்ணி நிக்கறப்போ வளைவுல ஆக்சிலரேட்டரை விட்டாலோ லேசா மிதிச்சாலோ பின்பக்கம் மிதக்கற மாதிரி வெளிய போகும்.

நானே பண்ண முட்டாள்தனம் இது. பின்சக்கரம் இழுக்கற வண்டி, நாலும் ஒரே சைஸ், ரெண்டு டயருக்குத்தான் கையில காசு இருந்துச்சு, திருப்பறதும் பிரேக் பிடிக்கறதும் முன்பக்கம்தானேன்னு புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுட்டேன், பின்னாடி 3 மில்லிமீட்டர் பட்டன். ரெண்டு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன். முதல் நல்ல மழையில ஒரு ரவுண்டானாவுல இருந்து வெளிய வர்றப்போ ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முன் டயர் தண்ணியை அழகா வெட்டிக்கிட்டு ரோட்டை பிடிச்சு நிக்குது, பின் டயருக்கு தண்ணியை ஒதுக்க பள்ளமே இல்ல, அது தண்ணி மேலயே உக்காந்துடுச்சு. இடிக்கல, பக்கத்துல வண்டி இல்லாததால தப்பிச்சேன்.

முன்பக்கம் வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டரை விட்டா பெரும்பாலும் பிடிச்சுக்கும். பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்தும், அதை திருப்பி பிடிக்க எல்லாராலயும் முடியாது. அதனாலதான் ரெண்டு மட்டும் புதுசுன்னா பின்னாடி போடுன்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க, முன்சக்கரம் இழுக்கற வண்டிக்கும் அதேதான்.

சரி பண்றது: நாலும் ஒரே சைஸ்னா முன்ன பின்ன மாத்துங்க, அம்பு குறி இருக்கற டயரா இருந்தா அதே பக்கத்துலயே முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தணும். ஸ்டேகர்ட்னா மாத்த வழியே இல்ல, பின்னாடியும் புதுசு வாங்கித்தான் ஆகணும். பின்சக்கர வண்டியில பின் டயர்தான் சீக்கிரம் தேயும்ங்கறதால பின்னாடி மட்டும் மாத்தறது சகஜம், அதுல பிரச்சனை கம்மி. முன்னாடி மட்டும் மாத்தறப்போதான் பின்னாடி எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்கணும். பல நாட்டுல சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம், ஆனா அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் அவ்ளோ தேய்ஞ்சா மழையில மொட்டை டயர்தான், 3க்கு வந்துட்டாலே நான் கடைக்கு போன் பண்ணிடுவேன்.

ஆழம் சமமா இருந்தும் வால் வீசுதுன்னா மாடலை பாருங்க. முன்னாடி ஒட்டற ரகம், பின்னாடி நீடிச்சு உழைக்கற டூரிங் ரகம்னு இருக்கும். சைடுவால்ல ட்ரெட்வேர்னு ஒரு எண் இருந்தா அது ஒரு துப்பு, 200ன்னா சாஃப்ட், சீக்கிரம் தேயும், 500ன்னா கெட்டி. ஆனா அந்த எண்ணை கம்பெனிக்காரங்களே டெஸ்ட் பண்ணி அவங்களே போட்டுக்கறது, அதனால ஒரே கம்பெனி டயருங்களுக்குள்ள ஒப்பிடலாம், வேற கம்பெனியோட வச்சு பாத்தா ஏமாந்துடுவீங்க.

டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட்டோ டிராக்ஷன் லைட்டோ எரியுது, ஆல் வீல் டிரைவ்ல (நாலு சக்கரமும் இழுக்கற வண்டி) திரும்பறப்போ பிடிச்சு பிடிச்சு விடுது

கம்ப்யூட்டர் நாலு சக்கரமும் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிக்கிட்டே இருக்கு. ஒண்ணு அதிகமா சுத்தினா அது வழுக்குதுன்னு நினைச்சுக்கும். உயரம் குறைஞ்ச டயர் வழுக்காமலே அதிகமா சுத்தும், வம்பு அங்கதான்.

225/45 ஆர்17 எடுத்துக்கங்க. உயரம் 634 மில்லிமீட்டர், சுற்றளவு கிட்டத்தட்ட 1,993. புதுசுல 8 மில்லிமீட்டர் பட்டன், பழசுல 3ன்னா ஆழத்துல 5 வித்தியாசம், உயரத்துல 10, சுற்றளவுல 31 மில்லிமீட்டர் வித்தியாசம். புது டயர் கிலோமீட்டருக்கு 502 சுத்துன்னா பழசு 510 சுத்து. எட்டு சுத்துதானேன்னு தோணும், ஆனா நூறு கிலோமீட்டர் ஹைவேயில எண்ணூறு சுத்து வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியலோ கிளட்ச் பேக்கோ (இன்ஜின் சக்தியை ரெண்டுக்கும் பிரிச்சு விடற பாகம்) தேய்ச்சு தேய்ச்சு சமாளிக்கணும், நேர் ரோட்ல கூட அதுக்கு ஓய்வு கிடையாது, சூடாகி சூடாகி ஒரு நாள் படுத்துடும். அந்த பில்லை பாத்தா நாலு டயர் செலவெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்.

கணக்கு வேணாம், கண்ணால பாக்கணும்னா சாக்பீஸ் எடுங்க. நாலும் ஒரே சைஸா இருக்கற வண்டிக்குத்தான் இது. சமதரையில நிறுத்தி, காத்தை சரி பண்ணிட்டு, முன் டயர்லயும் பின் டயர்லயும் தரையை தொடற இடத்துல கோடு போடுங்க, ஸ்டீயரிங்கை நேரா வச்சு ஒருத்தர் மெதுவா தள்ள, முன் டயர் கோடு சரியா பத்து சுத்து சுத்தி தரைக்கு வந்ததும் நிறுத்துங்க. இப்போ பின் டயர் கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க. மேல சொன்ன வித்தியாசம் இருந்தா 31 சென்டிமீட்டர் தள்ளி நிக்கும், ஒரு அடி ஸ்கேல் நீளம். ரெண்டு மூணு சென்டிமீட்டர்னா கவலையில்ல.

எவ்ளோ வரைக்கும் பொறுக்கும்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல இருக்கும், பொதுவா ஆழத்துல 2 மில்லிமீட்டரை தாண்ட விடாதீங்க. ஒரே ஒரு டயர் வெடிச்சு மத்த மூணும் பாதி தேய்ஞ்சிருந்தா, புது டயரை மெஷின்ல சீவி மத்ததோட ஆழத்துக்கு கொண்டு வர்றவங்க சில ஊர்ல இருக்காங்க, கேட்டுப் பாருங்க. புது டயரை சீவறதான்னு வயிறு எரியும், எரியட்டும்.

சைஸ் மாத்தறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். நிசான் ஜிடி-ஆர் ஆர்35ல முன்னாடி 255/40 ஆர்20, பின்னாடி 285/35 ஆர்20. பாக்க பின்னாடிதான் பெருசு மாதிரி தெரியும், கணக்கு போட்டா முன்னாடி 712, பின்னாடி 707.5, முன்னாடிதான் நாலரை மில்லிமீட்டர் உயரம். அந்த விகிதத்தை வச்சுத்தான் மொத்த டிரான்ஸ்மிஷனும் ட்யூன் ஆகியிருக்கு. கிடைக்குதேன்னு பின்னாடி 285/40 போட்டா 736க்கு போயிடும், கதை முடிஞ்சது.

ரியர் வீல் டிரைவ்தானே எனக்கென்னன்னு இருக்காதீங்க. பின்னாடி இடதும் வலதும் வேற வேற ஆழம்னா லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கும் (ஒரு சக்கரம் மட்டும் தனியா வழுக்கி சுத்தாம தடுக்கற பாகம்) இதே தலைவலிதான். ஒரே ஆக்ஸில்ல (முன் ஜோடியோ பின் ஜோடியோ) இருக்கற ரெண்டையும் ஒண்ணா மாத்துங்க.

மூக்கு திரும்ப மாட்டேங்குது, ஸ்டீயரிங் ரப்பர் மாதிரி இருக்கு

திருப்பினா ஒரு நொடி யோசிச்சுட்டு திரும்புதா? முதல்ல காத்து. கடையில எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிச்சு அனுப்பியிருப்பாங்க. காலையில வண்டி ஓடாம குளிர்ந்து இருக்கறப்போ ஸ்டிக்கர் பாத்து அடிங்க. ஏறக்குறைய 5, 6 டிகிரி குளிர் கூடினா 1 பிஎஸ்ஐ இறங்கும், வெயில் காலத்துல அடிச்சதை நம்பி குளிர் காலம் முழுக்க ஓட்டக்கூடாது.

காத்து சரியா இருந்தும் மந்தம்னா ரிம் அகலம். ஒவ்வொரு டயர் சைஸுக்கும் இத்தனை இன்ச்ல இருந்து இத்தனை இன்ச் வரைக்கும்னு ஒரு எல்லை இருக்கு, 225/40 ஆர்18க்கு 7.5ல இருந்து 9, 245/40 ஆர்18க்கு 8ல இருந்து 9.5. நிறைய பேர் பழைய 7.5 இன்ச் ரிம்லயே 245ஐ திணிச்சுட்டு அகல டயர் போட்டும் கிரிப் இல்லன்னு புலம்பறாங்க. சைடுவால் தொப்பை மாதிரி வெளிய பிதுங்கி நிக்கும், வளைவுல முதல்ல அந்த தொப்பை சாயும், அப்புறம்தான் டயர் திரும்பும். இந்த இடத்துல 225 போட்டிருந்தா ஸ்டீயரிங் இன்னும் கூர்மையா இருந்திருக்கும், காசும் மிச்சம்.

இன்னொரு காரணம், பின்னாடி மட்டும் அகலத்தை ஏத்தறது. பாக்க ஜம்முன்னு இருக்கும், நானும் ஒத்துக்கறேன். ஆனா பின்பக்கம் பிடிப்பு கூட கூட முன்பக்கம் வண்டியை திருப்ப கஷ்டப்படும். ஏத்தணும்னா ரெண்டு பக்கமும் சேர்த்து ஏத்துங்க.

அப்புறம் இந்த குறியீடு விஷயம். அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ், ஆனா பழைய டயர்ல ஒரு சின்ன நட்சத்திரமோ எழுத்தோ இருந்துச்சு, புதுசுல இல்ல. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, போர்ஷேவுக்கு என்0, என்1 மாதிரி. அந்த கார் கம்பெனி கேட்டபடி உள் அமைப்போ ரப்பரோ மாத்தி செஞ்ச டயர் அது. குறி இல்லாததை போட்டா வண்டி ஓடாதுன்னு இல்ல, நாலும் குறி இல்லாம ஒண்ணா இருந்தா பெரும்பாலும் நல்லாத்தான் ஓடும், முன்னாடி குறி இருக்கறது பின்னாடி இல்லாததுன்னு கலக்கறதுதான் வினை. போர்ஷேல என்0வையும் என்1ஐயும் கூட கலக்காதேன்னுதான் சொல்றாங்க. பழைய வெர்ஷன் நின்னுபோச்சுன்னா மிச்சம் இருக்கற ரெண்டுக்கு ஜோடி தேடி அலையறதை விட நாலையும் மாத்திடறது நிம்மதி.

ஒரு பக்கமா இழுக்குது

நேரா அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க, அதுக்கு முன்னாடி முன் டயர் ரெண்டையும் இடம் வலமா மாத்தி ஓட்டிப் பாருங்க. இழுக்கற திசை மாறினா டயர்தான், உள்ள பெல்ட் லேசா கோணலா உக்காந்திருக்கும், அதை கடையில மாத்தி கேக்கலாம். திசை மாறலன்னா அலைன்மென்ட்டோ பிரேக்கோதான். அம்பு குறி போட்ட டயர்ல இந்த டெஸ்ட் பண்ண முடியாது, ரிம்ல இருந்து கழட்டி மாட்டணும். அம்பு இல்லாம வெளிப்பக்கம்னு எழுதியிருக்கற டயர் இருக்குல்ல, அதை உள்வெளியா தப்பா மாட்டியிருக்காங்களான்னும் ஒரு பார்வை பாத்துடுங்க, நடக்கவே நடக்காதுன்னு நினைப்பீங்க, நடக்கும்.

90, 100க்கு மேல ஆட்டம்

ஸ்டீயரிங்ல தெரிஞ்சா முன்பக்கம், சீட்ல தெரிஞ்சா பின்பக்கம். ராத்திரி நிறுத்தி காலையில எடுத்ததும் ஆடி, கால் மணி நேரத்துல தானா நின்னுட்டா அது டயர் ஒரே இடத்துல அமுங்கி தட்டையானது, அகலமான சம்மர் டயர்ல (வெயில் காலத்துக்குன்னு செஞ்ச ரப்பர்) சகஜம், விடுங்க. நிக்காம ஆடினா திரும்ப பேலன்சிங். புது டயர்ல மஞ்சள் புள்ளி இருந்தா அது எடை குறைவான இடம், அதை வால்வுக்கு நேரா வச்சு மாட்டினா குறைஞ்ச எடையிலயே பேலன்ஸ் ஆகும். அதுக்கும் மசியலன்னா, வெளியில வாங்கின அலாய் வீலா இருந்தா நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவுல வளையம் இருக்கான்னு பாருங்க, ஒருக்கா கழட்டினப்போ அந்த பிளாஸ்டிக் வளையம் கடை தரையிலயே கிடந்து போயிருக்கும்.

குளிர்ல பார்க் பண்றப்போ முழுசா திருப்பினா டக் டக்னு குதிக்குது

ஏதோ உடைஞ்சுடுச்சுன்னு நினைக்கற அளவுக்கு சத்தம் வரும், ஆனா உடையல. அகலமான முன் டயர், அதுல சம்மர் ரப்பர், குளிர்ல விறைச்சுப் போச்சு, முழுசா திருப்பறப்போ உள் சக்கரமும் வெளி சக்கரமும் போக வேண்டிய வளைவுல சரியா உருளாம இழுபட்டு இழுபட்டு துள்ளுது. சூடானா போயிடும். அதே சமயம் இதை ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கங்க. சம்மர் டயர் 7 டிகிரிக்கு கீழ பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும், உறையற குளிர்ல உருட்டினா ரப்பரே வெடிப்பு விடலாம். உங்க ஊர் அப்படின்னா குளிருக்கு தனி செட், இல்லன்னா ஆல் சீசன், அதுவும் நாலும்.

உள்ளோரம் மட்டும் தேயுது

வெளியில இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும், உள்ள கம்பி தெரியும். கேம்பரை (சக்கரம் மேல் பக்கம் உள்ளயோ வெளியயோ சாயற சாய்வு) குறை சொல்வாங்க, ஆனா பெரும்பாலும் கேம்பர் தனியா இவ்ளோ தின்னாது, டோ (சக்கரத்தோட முன்னோரம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம்) கெட்டுப்போய் கூட சேர்ந்தாத்தான் இந்த வேகத்துல தின்னும். உள்ளங்கையை பட்டன் மேல குறுக்கா தடவுங்க, ஒரு திசையில வழவழன்னும் எதிர் திசையில ரம்பம் மாதிரியும் இருந்தா டோதான். இதை சரி பண்ணாம புது டயர் போடறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை. நடு மட்டும் தேய்ஞ்சா காத்து ஜாஸ்தி, ரெண்டு ஓரமும்னா கம்மி.

முதல் நாள் வழுக்குது

புது டயர் மேல் தோல் வழவழன்னுதான் இருக்கும். ஒரு 200, 300 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க, அப்புறமும் வழுக்கினா மேல போய் முதல்ல இருந்து படிங்க.

தூக்கி தூக்கி போடுது

பழசு சாதாவா இருந்து புதுசு ரன்ஃப்ளாட்டா வந்திருக்கான்னு சைடுவால்ல பாருங்க. பஞ்சரானாலும் பொதுவா 80 கிலோமீட்டர் வேகத்துல 80 கிலோமீட்டர் தூரம் ஓடற மாதிரி சைடுவாலை கெட்டியா செஞ்சிருப்பாங்க, அந்த கெட்டி முதுகுல தெரியும். ரன்ஃப்ளாட்டையும் சாதாவையும் கலக்கவே கூடாது. ரன்ஃப்ளாட்ல இருந்து சாதாவுக்கு மாறினா சவாரி சொகமாகும், ஆனா அந்த மாதிரி வண்டியில ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் கிட்டாவது வாங்கி வச்சுக்கங்க.

எக்ஸ்எல்லும் இங்கதான் வரும். 245/40 ஆர்18ல சாதா டயர் 93, 650 கிலோ, எக்ஸ்எல் 97, 730 கிலோ. ஆனா அந்த 730ஐ தாங்க 42 பிஎஸ்ஐ காத்து வேணும், 36ல அவ்ளோ தாங்காது. ஸ்டிக்கர் எக்ஸ்எல் கேட்டா எக்ஸ்எல்லே போடுங்க, லோடு எண்ணுல இறங்கவே இறங்காதீங்க, மேல போனா பரவாயில்ல.

முழுசா திருப்பினா, இல்ல பள்ளத்துல இறங்கினா உரசுது

245ன்னு எழுதியிருக்கற ரெண்டு கம்பெனி டயர் அளந்தா ஒரே அகலம் இருக்காது, தோள்பட்டை சதுரமா இருக்கறது ஒண்ணு, உருண்டையா இருக்கறது ஒண்ணு. அதோட ரிம் அரை இன்ச் கூடினா டயரும் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமாகும். உள்பக்கம் ஷாக் அப்சார்பர்கிட்ட பளபளன்னு தேய்ச்ச கோடு இருக்கான்னு பாருங்க, வெளிய ஃபெண்டர் லைனிங்ல பாருங்க. லைனிங்ல லேசா பட்டா அசிங்கம் மட்டும்தான், ஷாக் பக்கம் சைடுவால்ல பட்டா அந்த டயரோட வெளிய போகாதீங்க.

ஸ்பீடோ தப்பா காட்டுது

18 இன்ச் 225/40ல இருந்து 255/40க்கு போனா உயரம் 637ல இருந்து 661, கிட்டத்தட்ட 4 சதவீதம். ஸ்பீடோ 100ன்னு காட்டறப்போ முன்ன விட 4 கிலோமீட்டர் வேகமா போயிட்டு இருப்பீங்க. புதுசா வர்ற ஸ்பீடோ நிஜ வேகத்தை விட கொஞ்சம் கூடத்தான் காட்டும், குறைச்சு காட்ட பல நாட்டு விதியில அனுமதியே இல்ல, இந்த மாதிரி சைஸ் ஏத்தறப்போ அந்த கொஞ்ச நஞ்ச மிச்சமும் போயிடும். அகலம் ஏத்தினா சாய்கோட்டுக்கு அப்புறம் வர்ற சதவீத எண்ணை இறக்குங்க, 255/35 போட்டா 635.7, பழசோட ஒண்ணரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனா 225 உக்காந்திருந்த ரிம் 8 இன்ச்னா 255க்கு அது பத்தாது, 8.5ஆவது வேணும், அதனால டயருக்கு முன்னாடி ரிம்முக்கு பின்னால அச்சடிச்சிருக்கற அகலத்தை படிச்சுட்டு கடைக்கு போங்க.